கவிழ்ந்திருந்த தட்டு

உங்களுக்குப் பேய்ப் படம் பிடிக்குமா? எனக்கு ஆகவே ஆகாது. டிரெய்லரில் கதவு கிறீச்சிட்டாலே சேனலை மாற்றிவிடுகிற ஆள் நான். அதனால்தான் போன சனிக்கிழமை தேடித் தேடி ஒரு குடும்பப் படத்துக்கு டிக்கெட் போட்டேன். மேட்னி ஷோ. கூட வந்தது ஷீலா.

ஷீலா என் சிநேகிதி. தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைனில் அடுத்தடுத்த வீடு, ஒரே பெஞ்ச், பிறகு பிழைப்புக்கு ஒரே பெங்களூரு. எங்கள் சண்டைகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் பேசாமல் இருந்ததும் கிடையாது.

படம் ஒரு அம்மா-மகள் கதை. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர்... நடுவில் அம்மாவின் பால்ய சிநேகிதி. படத்தின் பெயர் மட்டும் வேண்டாமே. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஷீலாவுக்கு இந்தக் கதை ஒத்துக்கொள்ளுமா என்று யோசிக்காமல் இல்லை. கூட வேலை பார்த்த கன்னடக்காரரை அவள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவள் அம்மா அற்புதம்மாவோடு பேச்சு இல்லை. சர்ச்சில் நடக்காத கல்யாணத்தை அற்புதம்மா கல்யாணமாகவே ஒப்புக்கொள்ளவில்லை. போன வருஷம் அவர் இறந்தபோதுகூட ஷீலா கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிட்டாள். தங்கவயலை விட்டு வந்து பெங்களூருவில் அவர்கள் வாங்கிய லிங்கராஜபுரம் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.

"நீ போட்ட டிக்கெட்டு. அழ வெச்சே, உன்ன சும்மா விடமாட்டேன்" என்றபடிதான் சீட்டில் உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு சமையலறை வந்தது. ஷீலா என் கையைப் பிடித்தாள்.

"ஏய்... இது எங்க வீடுடி."

"பழைய வீடெல்லாம் இப்படித்தான் இருக்கும்."

"அந்த ஒரு டைல் மட்டும் நீலம் பாரு. எங்கப்பா கெடைச்சத வெச்சு ஒட்டினது!"

பார்த்தேன். நீலம்தான். அதற்குக் கீழே, மேடையின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. காமிரா கதாநாயகியின் கையோடு நகர்ந்தபோது, தட்டின் முதுகில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயர் தெரிந்தது. ஷீலா. படத்தில் அந்தப் பெயரில் யாருமே இல்லை.

எங்கள் லைன் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா ஷிப்டுக்குப் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கினால், வீட்டில் அவர் தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். அவர் மேலே வந்து, வீடு திரும்பி, கைகால் கழுவி, தன் கையாலேயே நிமிர்த்திச் சாப்பிட வேண்டும். இன்னொருவர் அதை நிமிர்த்தினால், அந்த ஆள் இனி வரப்போவதில்லை என்று அர்த்தம். விளையாட்டுக்குக்கூட நாங்கள் அதைத் தொட மாட்டோம்.

ஷீலாவின் கல்யாணச் செய்தி தெரிந்த அன்று அற்புதம்மா போன் செய்து சொன்னது ஒரே வாக்கியம். "உன் தட்ட நிமித்தி வெச்சுட்டேன்."

பெற்ற தாய் தன்னைச் செத்தவளாக்கிவிட்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் ஷீலா நம்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டு இப்போது எங்கள் கண் எதிரே கவிழ்ந்திருக்கிறது!

அடுத்த காட்சியில் தட்டு நிமிர்ந்திருந்தது. அதில் நறுக்கிய வெங்காயம். சினிமாக்காரர்கள் எடுத்துப் புழங்கியிருப்பார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? ஷாட் மாறியது. அம்மாவாக நடித்தவர் கோபமாகத் திரும்பினார். அவருக்குப் பின்னால் தட்டு மறுபடி கவிழ்ந்திருந்தது. வெங்காயம் மேடைமேல் குவியலாகக் கிடந்தது.

"அம்மாதான்டி" என்றாள் ஷீலா. "ஷூட்டிங் நடக்கிறப்போ அங்கயே நின்னுருக்காங்க. இவங்க நிமித்த நிமித்த, கவுத்து கவுத்து வெச்சிருக்காங்க." சிரித்தாள். அப்படியே அழுதாள்.

இடைவேளையில் துபாயில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டாயே, ஒரு வார்த்தை சொன்னாயா என்று பிடித்துக்கொண்டாள்.

"கோச்சுக்காதக்கா. சும்மா பூட்டிக் கெடக்குதேன்னு விட்டேன்."

"பூட்டியா? அம்மா எங்க இருந்தாங்க?"

"அம்மா இருந்தா விடுவாங்களாக்கா? அவங்க போனப்புறம்தான் விட்டேன்."

ஷீலா போனை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பாப்கார்ன் வரிசையில் யாரோ எங்களை நகரச் சொன்னார்கள். ஏ.சி. அன்றைக்கு ரொம்பவே குளிராக இருந்தது.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை... உங்களால் முடியுமா? இரண்டாம் பாதியில் நாங்கள் கதையைப் பார்க்கவில்லை, அந்த மூலையைத்தான் பார்த்தோம். தட்டு நிமிரும். ஷாட் மாறும். கவிழும். கடைசியில் அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழ, தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது கவிழ்ந்தே இருந்தது.

"கன்டின்யூட்டி தப்பு" என்றேன் வெளியே வந்து. என் குரலை நானே நம்பவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் லிங்கராஜபுரம் போனோம். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு லில்லி ஆன்ட்டியிடம் இருக்கிறது. அற்புதம்மாவும் இவரும் ஒன்றாக வளர்ந்தவர்கள்; தங்கவயலை விட்டு வந்தபோது பக்கத்துப் பக்கத்தில்தான் வீடு என்று அடம்பிடித்து வாங்கியவர்கள். சாவி அவரிடம் என்றதுமே எனக்கு உயிர் வந்தது. அட, இவர்தானே கவிழ்த்து வைத்திருப்பார்! இது தெரியாமல் ராத்திரி முழுக்க லைட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேனே!

"ஷூட்டிங் அப்போ தட்ட நீங்கதானே ஆன்ட்டி கவுத்து வெச்சீங்க?" என்று கேட்டும் விட்டேன்.

"நான் எங்க கவுத்தேன்! சாவிய வாங்கிக்கினு என்ன கேட்டுக்குள்ளயே விடல. தடியன் ஒருத்தன் நின்னுக்கினு 'ஹோகி அஜ்ஜி, ஹோகி'ன்னு, போங்க பாட்டி போங்கன்னு வெரட்றான். தட்டத் தொட்டுடுவாங்களேன்னு நான் கேட்டாண்டயே நிக்கிறேன். ஷீலா வர்ற வரைக்கும் யாரையும் தொட விடமாட்டேன்னு இவங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "படத்துல எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நிமித்தறாங்க... ஆனா திரும்பக் கவுந்துடுது ஆன்ட்டி."

"அப்ப சரி. அவளே பாத்துக்கிட்டா."

பால் பாக்கெட்டை யாரோ உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள் என்பது போலத்தான் சொன்னார்.

ஷீலாவுக்கு வேறு கேள்வி. "ஆனா நிமித்திட்டேன்னு போன்ல சொன்னாங்களே ஆன்ட்டி?"

"சொன்னா. நிமித்திட்டுத்தான் சொன்னா. அவளுக்குப் பொய் வராது இல்ல? போன வெச்ச கையோட திரும்பக் கவுத்துட்டா. நான் பக்கத்துலதான நின்னேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு அதுக்கும் ஒரு சத்தியம் வாங்கிட்டாளே. நான் என்னா பண்ணட்டும்?"

அம்மாவுக்கு வீம்பு, மகளுக்கு அதைவிட வீம்பு. யார் யாரை எப்படித் தேடினார்கள் என்பது நடுவில் நிற்கும் சிநேகிதிக்குத்தான் தெரிகிறது. அவள் வாயையும் சத்தியம் வாங்கிக் கட்டிவிடுகிறோம். சாமர்த்தியசாலிகள்தான் நாம்!

கதவைத் திறந்தோம். அவ போனப்புறம் உள்ள வர மனசு வரல என்று ஆன்ட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். ஷூட்டிங் முடிந்து மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு. மேடையில் விரல் வைத்தால் கோடு விழுகிற அளவுக்குத் தூசி. நீல டைலுக்குக் கீழே தட்டு கவிழ்ந்திருந்தது. அதன்மேல் தூசி இல்லை. குனிந்தால் என் முகம் தெரிந்தது. ஷீலாவிடம் இதை நான் சொல்லவில்லை. அவளும் பார்த்திருப்பாள்.

ஷீலா குழாயைத் திறந்து கைகால் கழுவினாள். பிறகு தன் கையாலேயே தட்டை நிமிர்த்தினாள். ஆன்ட்டி தன் வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து, வாசற்படி தாண்டி உள்ளேயே வந்து போட்டார். ஷீலா தரையில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

"வந்துட்டேம்மா" என்றாள். எங்களிடம் அல்ல.

அந்தப் படம் அடுத்த மாதம் ஓடிடிக்கு வருகிறதாம். பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். நீங்கள் பாட்டுக்குப் பார்த்துவிட்டு, "மேடம், நீல டைலுக்குக் கீழே தட்டு முதலிலிருந்து கடைசி வரைக்கும் நிமிர்ந்துதானே இருக்கிறது?" என்று எனக்கு எழுதிவிட்டால்?

அதான் சொன்னேனே... எனக்குப் பேய்ப் படம் ஆகாது.