ஊருணிக்குப் பொருள் சொன்னவர்

சேதுராமன் சார் இறந்த செய்தியை டீக்கடை முருகேசன்தான் போனில் சொன்னார். "நம்ம சாரு போயிட்டாருய்யா" என்று விம்மினார். அவர் வேலை பார்த்த அதே பள்ளியில் நானும் தமிழாசிரியன்தான். ஆனாலும் எங்கள் ஊரில் 'நம்ம சார்' என்றால் அவர் ஒருவர்தான். அழுகைக்கு முன்னால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. உங்களிடம் அதை ஏன் மறைக்க வேண்டும்?

தொண்டிப் பக்கம் எங்கள் ஊர். குடிதண்ணீருக்கு ஊருணிதான். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டுத்தான் இறங்குவோம். அதில் கால்கூடக் கழுவ மாட்டோம். ஒரு கோடையில் கடலோரக் குப்பத்தில் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட, அந்த மக்கள் தள்ளுவண்டியில் குடங்களோடு இங்கே வரத் தொடங்கினார்கள். கேட் போட்டுப் பூட்ட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

நான் எழுந்து அந்தச் சொல்லின் பிறப்பை விளக்கினேன். ஊரார் உண்ணும் நீர் என்பதால் ஊருணி; குடிப்பதையும் உண்பது என்றே அந்தக் காலத்தில் சொன்னார்கள் என்றேன்.

"அப்ப நம்ம ஊரு குடிக்கத்தானே சார்? பூட்டிருவோம்" என்றார் தலைவர். என் விளக்கம் பூட்டுக்குத்தான் உதவியது.

அடுத்து சேதுராமன் எழுந்தார். "வீட்டுக் கெணறுன்னா நம்ம தண்ணி. இது ஊருத் தண்ணி. தாகத்தோட வந்து இங்கன செருப்பைக் கழட்டுற அம்புட்டுப் பேரும் ஊருதான்யா. பூட்டுறதா இருந்தா இதுக்கு வேற பேரு வச்சுக்கங்க."

கேட் பேச்சு அதோடு முடிந்தது. திரும்பி வரும்போது, "பொருள் நீங்க சொன்னதுதாண்ணே, நான் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்" என்றார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் புறப்பட்டபோது, குப்பத்து ஆட்களும் செம்போடு வந்து வரிசையில் நின்றார்கள். பங்காளிகள் மட்டுமே நீர் எடுப்பது வழக்கம். யாரும் விலகச் சொல்லவில்லை. அவருடைய தம்பி, "வாங்கப்பா, எடுங்க" என்றார். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்றுதான் அங்கேயும் நினைத்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமையைத்தான். இது தணிந்துவிடக் கூடாது. அவரைப் போல ஆக வேண்டும் என்று என்னை விரட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை.