கிரேன் லியோனார்டும் திங்கட்கிழமை சர்க்கரையும்

லியோனார்ட் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு காலிஃபிளவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் மாடி அறை வாடகைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தோளில் பையும் கையில் பட்டச் சான்றிதழின் நகலுமாக அவர் வீட்டு வாசலில் நின்றேன். அறை கேட்கச் சான்றிதழ் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாருமில்லை. சலூனுக்குப் போனாலும் அந்த நகல் என்னோடு வந்த காலம் அது.

உள்ளே தட்டில் காலிஃபிளவரைத் துருவி, வேகவைத்து, சோறு போலக் குவித்திருந்தார்கள். மேலே மீன் குழம்பு.

"இன்னாடி இது?" என்றார் அண்ணன்.

"சோறுன்னு நெனச்சிகினு துன்னு" என்றார் அவர் மனைவி ஐரீன் அக்கா.

"நான் நெனச்சிக்கிறேன். அது நெனைக்கணுமே."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "யாருப்பா நீ?"

"ரூம் பார்க்க வந்தேன் அண்ணே."

"சோறு துன்றவனா?"

"ஆமாண்ணே."

"அப்ப ரூமு ஒனக்குதான். ஆனா மேலயே துன்னு, கதவ சாத்திகினு துன்னு. கொயம்பு வாசன வந்தா பரவால்ல. சோறு வாசன கீய வரக் கூடாது."

ஐரீன் அக்கா என் கையிலிருந்த நகலை வாங்கிப் பார்த்தார். பி.எஸ்சி. வேதியியல் என்றேன். மணலியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய், டாக்டர் கொடுத்த உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார். முழுக்க ஆங்கிலம். "இத்த ஒயுங்கா படிச்சி சொல்லு தம்பி. நாங்க ரெண்டு நாளா படம் பாத்துகினு கீறோம்." படத்தில் இருந்தது காலிஃபிளவர்.

இப்படித்தான் நான் அந்த வீட்டின் உணவு அதிகாரி ஆனேன்.

அண்ணனுக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். அறுபதடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட ஒரு கேபின். அதில் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே குனிந்து பார்த்தபடி, வீடு அளவு இருக்கும் பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை. அந்த வேலையில் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். "மேல குந்திகினா எவனும் இங்க வாடான்னு கூப்புட முடியாது" என்றார்.

அந்த ஜூன் மாதம் வருடாந்திர உடல் பரிசோதனையில் அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பத்தைத் தாண்டியிருந்தது. மூன்று மாத அவகாசம். செப்டம்பரில் எட்டுக்குக் கீழே வராவிட்டால் கேபின் கிடையாது, கீழே கேட்டில் வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டது. கேட்டு வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் கேட்டுக்குப் பொறுப்பாளர் அருள்நாதன். ஐரீன் அக்காவின் தம்பி. அண்ணன் இருபத்திரண்டு வருடமாக மேலேயிருந்து வாக்கிடாக்கியில் திட்டிப் பழகிய மச்சான்.

நான் அறை பார்க்க வந்த அன்று மாலையே, செய்தி கேட்டு அருள்நாதன் வீட்டுக்கு வந்தார். "மாமா, என் பக்கத்துல ஒனக்கு ஒரு சேர் தொடச்சி வெச்சிகீறேன்."

"நீயே படுத்துக்கோ அதுல."

"ஃபேன் காத்து வராது. ஆனா என் மூஞ்சி நல்லா தெரியும்."

அவர் போனபிறகு அண்ணன் அந்தக் காலிஃபிளவரை முழுவதும் சாப்பிட்டார்.

பட்டியலை மொழிபெயர்த்துச் சொன்னேன். அரிசி குறைவு. முட்டை, மீன், கறி, கீரை, காய் தாராளம். முதல் நாளே ஒரு சிக்கல். சோறுதானே வேண்டாம் என்று அண்ணன் ஒன்பது சப்பாத்தி சாப்பிட்டார். கோதுமையும் மாவுச்சத்துதான் என்று நான் விளக்க, மறுநாள் உருளைக்கிழங்குக்குப் போனார். அதுவும் அப்படித்தான் என்றேன். மூன்றாம் நாள் கஞ்சி. குடிக்கிறதுதானே, சாப்பிடவில்லையே என்றார்.

நான் மாடியில் யோசித்தேன். சத்து, சதவீதம், மூலக்கூறு என்று பேசினால் நடக்காது. மக்களுக்குப் புரியும் உதாரணம் வேண்டும். கீழே இறங்கி வந்து சொன்னேன்: "அண்ணே, இதை மருந்துன்னு நினைக்காதீங்க. விரதம்னு நினைச்சுக்கங்க. நீங்க விரதம் இருப்பீங்கல்ல?"

"ஈஸ்டருக்கு முன்னாடி தவக்காலத்துல இருப்போம்."

"அதே மாதிரி. அதே ஒழுங்கு."

அண்ணனும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு வந்தது. "இத்த மொதல்லயே சொல்லிருக்கலாம்ல, படிப்ஸு" என்றார்.

அன்றிலிருந்து அவர் வேறு மனிதர். காலையில் இரண்டு முட்டை, கூடவே வெள்ளரி. மதியம் கேரியரில் மீனும் கீரையும் கேபினுக்கு ஏறின. மாத்திரை தவறவில்லை. ஒருநாள் பாஸ்மதி ஏற்றிய பெட்டியைத் தூக்கிவிட்டு வந்து, "இருபத்தஞ்சி டன்னு அரிசி என் கையில கீது தம்பி, வாயில ஒரு பருக்க இல்ல" என்றார். சொன்னதில் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது.

நான் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் மெஷின் வாங்கச் சொல்லி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த அளவைக் கட்டம் போட்ட தாளில் குறித்தேன். ஆய்வகத்தில் பெயின்டுக்கு எப்படிக் குறிப்பேனோ அப்படி. சனிக்கிழமை வேலை முடிந்ததும் செய்யாறு பஸ் பிடித்து ஊருக்குப் போய், திங்கள் விடியற்காலையில் திரும்புவேன். ஞாயிறு கட்டத்தை அக்கா நிரப்பிவைப்பார். நூற்று முப்பது, நூற்று இருபத்தெட்டு, நூற்று முப்பத்தைந்து என்று கோடு அழகாகப் போகும். திங்கட்கிழமை மட்டும் இருநூற்று எழுபது.

அடுத்த வாரமும் திங்கள் இருநூற்று அறுபது. அதற்கடுத்த வாரம் இருநூற்று எண்பது.

நான் மெஷினைச் சந்தேகப்பட்டு வேறு வாங்கினேன். அதுவும் அதையே சொன்னது. மன உளைச்சலால் சர்க்கரை ஏறும் என்று படித்திருந்தேன். வாரம் தொடங்கும் கவலையாக இருக்கும் என்று அண்ணனுக்குத் திங்கள் காலையில் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தேன். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டார், "இதுல சக்கர எப்டி எறங்கும்? மூக்கு வயியாவா?"

"முறை மீறி எதாச்சும் சாப்பிட்டீங்களாண்ணே?"

"மாதா சத்தியமா இல்ல."

அக்காவும் இல்லை என்றார். இருவர் முகத்திலும் பொய்யின் சாயல்கூட இல்லை. உண்மையில் அவர்கள் பொய் சொல்லவும் இல்லை.

ஆறாவது வாரம் டாக்டர் இடையில் ஒரு பரிசோதனை எடுத்தார். சராசரி ஒன்பது புள்ளி ஒன்று. இந்த வேகம் போதாது என்றார். அன்று அருள்நாதன் ஒரு குஷனோடு வந்தார். "சேரு கொஞ்சம் கெட்டியா கீது மாமா. ஒனக்காக வாங்கனேன்." அண்ணன் அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார். குஷனை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு மாடிக்குப் போகவே வெட்கமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் எங்கள் ஆய்வகத்தில் ஆடிட் இருந்ததால் நான் ஊருக்குப் போகவில்லை. ஞாயிறு மதியம் வேலை முடிந்து வந்து கதவைத் தள்ளினேன். மேசை நிறைய பிரியாணி. தெருமுனை தாவூது பாய் கடைப் பார்சல். பக்கத்தில் பிரெட் அல்வா. அண்ணன் சர்ச் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இரண்டாவது தட்டில் இருந்தார்.

"வா தம்பி, குந்து. துன்னு" என்றார், கொஞ்சமும் பதறாமல்.

"அண்ணே, என்ன இது?"

"பிரியாணி."

"விரதம்னு சொன்னேனே."

"ஆமா. இன்னிக்கி ஞாயித்துக்கெயம."

"அதுக்கு?"

அக்கா என்னைப் பாவமாகப் பார்த்தார். "தவக்காலத்துல ஞாயித்துக்கெயம கணக்குல வராது தம்பி. ஆண்டவர் உயிர்த்த நாளு. அன்னிக்கி நோன்பு இல்ல. நாப்பது நாளுன்னு எண்ணும்போதே ஞாயித்த வுட்டுட்டுதான் எண்ணுவோம். பி.எஸ்சி.ல இத்தல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

"அதே ஒயுங்குன்னு நீதான சொன்ன" என்றார் அண்ணன். "நான் ஒரு நாளு மீறல. ராயப்பர் திருநாளும் ஞாயித்துக்கெயமதான் வந்திச்சி, அன்னிக்கிகூட துன்னுட்டு ராத்திரியோட நிறுத்திட்டேன்."

மூன்று வருடம் வேதியியல் படித்தவன் நான். அந்தத் தாளில் ஆறு திங்கட்கிழமைகள் மலை மலையாக நின்றன. எல்லா மலையும் நான் வைத்ததுதான்.

இனி ஞாயிறும் விரதம் என்றேன். அண்ணன் மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டினி கிடப்பது தப்பு, அது விருந்து நாள், கேபின் போனாலும் போகட்டும் என்றார். சொல்லிவிட்டுக் குஷனைப் பார்த்தார். குரல் இறங்கியது. "போவட்டும்னு சொல்லிட்டேன். ஆனா போவக் கூடாது."

முடிச்சை அவிழ்த்தவர் ஐரீன் அக்கா. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஞாயித்துக்கெயம விருந்து வோணும். சரி. விருந்துன்னா இன்னா? கறி. இந்தத் தம்பி சீட்டுல கறி துன்னலாம்னுதான போட்டுகீது? சோறு இன்னாத்துக்கு நடுவுல?"

நான் பட்டியலை மீண்டும் படித்தேன். அக்கா சொன்னதில் ஒரு தவறும் இல்லை.

அடுத்த ஞாயிறு அண்ணனும் நானும் தாவூது பாய் கடையில் நின்றோம். "பாய், ஒரு பிரியாணி. சோறு வேணாம்."

கரண்டி அண்டாவிலேயே நின்றது. "இன்னா மாமு சொல்ற?"

"பீஸு மட்டும். நாலு. முட்டை ரெண்டு."

"சோறு இல்லாத பிரியாணியா? மாப்ள இல்லாம நிக்காஹ் பண்ணச் சொல்றியே. என் அண்டா இன்னா நெனைக்கும்?"

அண்ணன் கேபின், செப்டம்பர், அருள்நாதன் எல்லாவற்றையும் சொன்னார். அருள்நாதன் பெயர் வந்ததும் பாய் இளகினார். கறியை அள்ளிப் போட்டார். கடைசியில் மனசு கேட்காமல் கரண்டி நுனியால் கொஞ்சம் பருக்கையை மேலே தட்டினார். "இது சாட்சிக்கு. இல்லாங்காட்டி பிரியாணின்னு எவன் நம்புவான்?"

வீட்டில் எண்ணிப் பார்த்தோம். நான்கு பருக்கை. அண்ணன் அவற்றைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தி, கறியெல்லாம் முடிந்தபின் ஒவ்வொன்றாக, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். திங்கட்கிழமை காலையில் நூற்று நாற்பது. ஆகஸ்டில் மாதா விண்ணேற்புத் திருநாள் வந்தது. அன்றும் கறியும் நண்டும் நான்கு பருக்கையும்தான்.

செப்டம்பரில் ஏழு புள்ளி எட்டு வந்தது. கம்பெனி கையெழுத்துப் போட்டது. அண்ணன் மேலே ஏறி வாக்கிடாக்கியில் கேட்டைக் கூப்பிட்டுப் பேசிய முதல் வாக்கியம்: "கேட்டு, அந்தச் சேர்ல நீயே குஷன் போட்டு குந்து." கீழேயிருந்து அருள்நாதன் சொன்னாராம், "காலைலயே போட்டுகினேன் மாமா. சொகமா கீது."

லியோனார்ட் அண்ணனுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. அதே யார்டில், அதே கிரேனில், காலை ஷிப்ட் பார்க்கிறார். சர்க்கரை ஏழரையில் நிற்கிறது. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. தாவூது பாய் கடையில் ஞாயிறுதோறும் நான்கு பருக்கை பிரியாணி வாங்குகிறார். நான் இன்னும் அவர் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு சோறு சாப்பிடுகிறேன்.