மேவிஸ் பாரக்ளஃப் ஃபெயிலாக்கிய பாட்டுக்காரர்கள்

மேவிஸ் பாரக்ளஃப் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஆனதற்கு ஒரு பழைய ஹார்மோனியம்தான் காரணம். மூடிப்போன தேவாலயம் ஒன்றில் அதைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவருடைய கணவர் கிளிஃபர்ட் ஓடினார். கம்பளக் கடைக்கு மேல் மாடியில் இருந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அதை ஏற்றும்போது, பதினோராவது படியில், அவர் முதுகில் 'டக்' என்றது. ஹார்மோனியத்துக்கு ஒரு கீறலும் இல்லை. கிளிஃபர்ட் ஆறு வாரம் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இது நடந்தது 1985இல், யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தின் அடியில் கிடக்கும் ஸ்கெல்தோர்ப்பில். மேவிஸுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பதினாறு வருடமாக அவர் கார் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரி. ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையெழுத்தால் உரிமம் வாங்கியவர்கள், மீதிப் பாதி அவர் கையெழுத்துக்குக் காத்திருப்பவர்கள். அவர் இறைச்சிக் கடைக்குள் நுழைந்தால் வரிசையில் நிற்கிறவர்கள் தங்களை அறியாமலே முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் தூக்கிக்கொள்வார்கள்.

"சனிக்கிழமை பசங்க வர்றானுங்க மேவிஸு. வராதேன்னு சொல்லலாம்னா ஒருத்தன் வீட்லயும் போன் கிடையாது" என்றார் கிளிஃபர்ட், தரையிலிருந்து.

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஆரம்பிக்கறப்போ சிவப்பு பட்டன். முடிச்சதும் வெள்ளை பட்டன். அப்புறம் ஏதாவது சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"என்னவாச்சும். தயாரிப்பாளர்னா ஏதாவது சொன்னாத்தான் மரியாதை. நான் வழக்கமா 'இன்னும் கொஞ்சம் நீலமா இருக்கட்டும்டா'ம்பேன்."

"அப்படின்னா?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா எல்லாப் பயலும் தலையாட்டுவான்."

மேவிஸுக்குப் பொய் பேசி வழக்கமில்லை. எனவே சனிக்கிழமை காலை தனக்குத் தெரிந்த ஆயுதத்தோடு மாடி ஏறினார்: கிளிப் வைத்த எழுத்து அட்டை, அதில் மதிப்பெண் தாள், நூலில் கட்டிய பேனா.

வந்திருந்த குழுவின் பெயர் 'ஈர சாக்ஸ்'. நான்கு பேர். பாட்டுக்காரன் நைஜல் ஓல்ட்ராய்டுக்கு இருபத்திரண்டு வயது, பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அவனை மேவிஸ் மூன்று தடவை ஃபெயிலாக்கியிருந்தார். முதல் தடவை வண்டியைப் பின்னால் வளைத்து எடுக்கும்போது தபால் பெட்டியை இடித்தான். இரண்டாம் தடவை சர்ச் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது அது பின்னாலேயே உருண்டு ரொட்டிக் கடை வாசல் வரை போய்விட்டது. மூன்றாம் தடவை சாலையில் நின்ற ஒரு செம்மறியாட்டிடம் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டவன், அதற்கப்புறம் வண்டியையே எடுக்க மறுத்துவிட்டான்.

மேவிஸைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த மைக் நழுவியது.

"மிஸஸ் பாரக்ளஃப்! இங்கயுமா?"

"வா தம்பி. வண்டியை எங்க நிறுத்தியிருக்கே?"

"பஸ்ல வந்தேங்க."

"ரொம்ப நல்லது. எப்போ ரெடியோ அப்போ ஆரம்பிக்கலாம்."

பாட்டின் பெயர் 'செவ்வாய்க்கிழமை வரமாட்டேன்'. நைஜலின் இயற்கையான குரல் பஸ் கண்டக்டர் குரல். அடுத்த நிறுத்தம் வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேவிஸின் பேனா ஓடுவதைப் பார்த்ததும் அது சுருங்கி, நடுங்கி, குளிரில் நனைந்த பூனைக்குட்டி மாதிரி வெளியே வந்தது. பாட்டு முடிந்தது. மேவிஸ் வெள்ளைப் பொத்தானை அமுக்கிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"நீங்க தேவையான தரத்தை எட்டலைன்னு வருத்தத்தோட தெரிவிச்சுக்கறேன்."

நான்கு பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

"டிரம்ஸ் தம்பி, வேக வரம்பைத் தாண்டிட்டீங்க. ரெண்டு இடத்துல. கிட்டார், நீங்க திரும்பறதுக்கு முன்னாடி சைகையே காட்டல, மத்தவங்க எப்படிப்பா பின்னால வருவாங்க? பாஸ் கிட்டார் யாரு? காலினா? காலின், நீங்க நடுவுல தூங்கிட்டீங்க."

"கண்ணைத்தான் மூடினேன்" என்றான் காலின்.

"அதைத்தான் நானும் எழுதியிருக்கேன்."

அதுவரைக்கும் 'நீலமா இருக்கட்டும்' என்றே கேட்டுப் பழகியிருந்த பையன்களுக்கு, என்ன தப்பு என்று ஒருவர் எடுத்துச் சொன்னது புதிய அனுபவமாக இருந்தது. மறுபடி வாசித்தார்கள். இந்தத் தடவை பாட்டு சரியாகப் போய்க்கொண்டிருக்க, கடைசிப் பகுதியில் டிரம்ஸ்காரன் மறுபடி வேகமெடுத்தான். மேவிஸ் பழக்கதோஷத்தில் அட்டையால் மேசையில் 'பட்'டென்று அடித்தார். தேர்வில் அவசரமாகப் பிரேக் போடச் சொல்லும் அடையாளம் அது. நான்கு பேரும் அப்படியே உறைந்தார்கள். நைஜலின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

நாடாவைப் போட்டுக் கேட்டார்கள். பாட்டு பள்ளத்தாக்கின் விளிம்பில் வந்து நின்றதுபோல் நின்றது.

"இதை இப்படியே விட்டுடலாங்க" என்றான் காலின், முழுதாக விழித்துக்கொண்டு.

லீட்ஸில் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டிரெவர் ஸ்னைத், கடையின் பின்னறையிலிருந்து தன் சொந்தப் பெயரில் தட்டுகளும் வெளியிடுவார். அந்தப் பாட்டை ஐந்நூறு தட்டு போட்டார். வானொலிக்காரர் ஒருவருக்கு அது பிடித்துப்போய் வாரத்துக்கு மூன்று தடவை ஒலிபரப்பினார். லண்டன் இசைப் பத்திரிகை ஒன்று நைஜலின் குரலை 'வாழ்வின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆன்மா' என்று எழுதியது. மேவிஸ் அதைச் சமையலறைத் தரைக்கு வாசித்துக் காட்டினார்.

"அவன் எட்டிப் பாத்தது என் பேனாவை" என்றார்.

கிளிஃபர்ட் சிரித்து, முதுகு பிடித்து, இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் கிடந்தார்.

அந்தப் பத்திரிகையிலிருந்து ஓர் இளைஞர் பேட்டிக்கே வந்துவிட்டார். உங்கள் கலையின் சாரம் என்ன என்று கேட்டார். மேவிஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, "முன்னால போறப்போகூட பின்னால என்ன வருதுன்னு கண்ணாடியில பாத்துக்கிட்டே இருக்கணும் தம்பி, இல்லேன்னா லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிடுவான்" என்றார். இளைஞருக்குக் கண் கலங்கிவிட்டது. அச்சில் லாரிக்காரன் மட்டும் இல்லை.

அப்புறம் மான்செஸ்டரிலிருந்து வந்தார்கள், நியூகாசிலிலிருந்து வந்தார்கள். தலைமுடி கண்ணை மறைத்த பையன்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து தங்கள் முறைக்காக நகம் கடித்தார்கள். வாரநாளில் கார், வாரக்கடைசியில் பாட்டு. கிளிஃபர்ட் எழுந்து நடமாடத் தொடங்கியதும் மைக்குகளையும் தேநீரையும் கவனித்துக்கொண்டார். யாருக்கும் தெரியாத ஒரு விஷயம்: துணி இஸ்திரி போடும்போது, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, 'செவ்வாய்க்கிழமை வரமாட்டே'னை மேவிஸ் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். ஒரு சட்டையின் காலர் அதில் கருகியும் போனது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நைஜல் நான்காவது தடவையாக உரிமத்துக்கு விண்ணப்பித்தான்.

டிரெவர் ஸ்னைத் லீட்ஸிலிருந்து அடித்துப் பிடித்து வந்தார். கையில் பன்றிக்கறி அடைத்த பெரிய பணியாரம் ஒன்று, ரிப்பன் கட்டி.

"அவன் பாஸாயிட்டா உங்க மேல பயம் போயிடும் மிஸஸ் பாரக்ளஃப். பயம் போனா குரல் போயிடும். குரல் போனா நான் போயிட்டேன்."

"அதனால?"

"சின்னதா ஒண்ணு. இண்டிகேட்டர் போடலைன்னு ஒரு டிக். யாருக்குத் தெரியப்போகுது?"

மேவிஸ் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றாலே பேச்சு முடிந்தது என்று ஊருக்குத் தெரியும். லீட்ஸ்காரருக்குத் தெரியவில்லை.

"ஒரே ஒரு டிக்கும்மா..."

"மிஸ்டர் ஸ்னைத், அந்தப் பணியாரத்தைத் தூக்கிக்கிட்டு வந்த வழியே நடங்க. கண்ணாடியைப் பாத்துட்டு வண்டியை எடுங்க."

பதற்றத்தில் டிரெவர் கண்ணாடியைப் பார்க்காமலே வண்டியை எடுத்து, பாரக்ளஃப் வீட்டுக் குப்பைத்தொட்டியை நசுக்கிவிட்டுப் போனார்.

நைஜலோடு பாட்டுத் தொடர்பு இருப்பதால் வேறு அதிகாரி தேர்வு நடத்தட்டும் என்று மேவிஸ் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வேறு அதிகாரி ஹெரால்ட் டோர்டாஃப் அன்று காலை கன்னம் வீங்கிப் பல் டாக்டரிடம் போய்விட்டார். வேறு ஆள் இல்லை. மேவிஸ்தான் ஏறி உட்கார்ந்தார்.

நைஜல் கிளம்பினான். தபால் பெட்டி இருக்கும் மூலையில் பின்னால் வளைத்து எடுத்தான், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனது. சர்ச் மேட்டில் நிறுத்தினான், எடுத்தான், ஓர் அங்குலம் உருளவில்லை. மேவிஸின் பேனாவுக்கு வேலையே இல்லை. 'ஒரு தப்பு பண்ணேன்டா, சின்னதா ஒண்ணு' என்று மனம் கெஞ்சுவதைக் கேட்டு அவருக்கே திக்கென்றது. பதினாறு வருடத்தில் இப்படி நினைத்ததில்லை. கடைசியில் மேட்டுநிலச் சாலையில் ஆடு ஒன்றும் வந்து நின்றது. நைஜல் நிறுத்தினான், காத்திருந்தான், ஒரு வார்த்தை பேசாமல் போனான்.

"மிஸ்டர் ஓல்ட்ராய்ட்" என்றார் மேவிஸ். தாளில் கையெழுத்தைப் போட்டார். "நீங்க தேறிட்டீங்க."

நைஜல் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துவிட்டான்.

"விடு தம்பி. இது அரசாங்க நேரம்."

டிரெவர் பயந்ததுதான் நடந்தது. இரண்டாவது தட்டுக்காக நைஜல் மைக் முன்னால் நின்றபோது, இரண்டு ஊர் தாண்டிக் கேட்கும் பழைய கண்டக்டர் குரல் திரும்பியிருந்தது. மேவிஸ் ஐந்து தடவை ஃபெயிலாக்கினார்.

"என்ன வேணா எழுதுங்கம்மா" என்று பல்லைக் காட்டினான் நைஜல். "என்கிட்ட லைசென்ஸ் இருக்கு!"

காலின் அவன் பின்னால் போய்க் காகிதப் பையை ஊதி உடைத்துப் பார்த்தான். டிரம்ஸ்காரன் சட்டைக்குள் பனிக்கட்டி போட்டான். நைஜல் சந்தோஷமாகச் சிரித்தான். சிரிப்பும் பதிவாகி, பாட்டு இன்னும் மோசமானது.

அன்று மாலை நைஜலின் கார் பட்டறையில் இருந்தது. மழை பிடித்துக்கொள்ளவே, வீட்டில் இறக்கி விடுகிறேன் என்று மேவிஸ் அவனைத் தன் குட்டிக் காரில் ஏற்றிக்கொண்டார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பதினாறு வருடம் மற்றவர்கள் ஓட்டுவதையே பார்த்த கண்ணுக்குச் சொந்தச் சாலை தெரியாது. மேவிஸ் ஓட்டும்போது எதிரே வருகிறவன், பக்கத்தில் போகிறவன், சந்தில் நிற்கிறவன் எல்லோருடைய தவறையும் திரும்பித் திரும்பிப் பார்த்து, கையை நீட்டிக் காட்டி, மதிப்பெண் சொல்லிக்கொண்டே போவார். கிளிஃபர்ட் அந்தக் காரில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார்.

"பாத்தியா அந்தப் பால் வண்டிய? வளைவுல எவ்ளோ அகலம் எடுக்கறான்!" என்று மேவிஸ் பின்பக்கம் கையைக் காட்டிய அதே நேரத்தில் முன்பக்கம் மேட்டுநிலச் சாலை இடதுபுறமாக வளைந்தது.

"அம்மாஆஆ!" என்றான் நைஜல்.

மேவிஸ் வண்டியைக் கிறீச்சென்று நிறுத்தினார். அவர் முகத்தில் இஸ்திரி போடும்போது வருமே, அந்த மலர்ச்சி.

"இப்ப என்ன பண்ணினே?"

"கத்தினேங்க!"

"அந்தக் குரல்லயே புதுப் பாட்டோட மொத வரியைப் பாடு பாக்கலாம்." அவர் மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த சனிக்கிழமை காருக்குள் முன்பக்கத்தில் மைக்கைக் கட்டினார்கள். பின்சீட்டில் கிளிஃபர்ட், மடியில் பதிவுக் கருவி, கண்கள் இறுக மூடி. மேவிஸ் ஓட்டினார், நைஜல் பாடினான். ஏழு பாட்டுகள், மேட்டுநிலத்தை நான்கு சுற்று. ஆறாவது பாட்டில் பாட்டு வரிகளுக்கு நடுவே "ஆடு! ஆடு! ஆடு!" என்று வருவதைப் பின்னால் விமர்சகர்கள் பலவிதமாக விளக்கினார்கள். வாத்தியங்களைக் கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தட்டு முதலாவதைவிட நன்றாக ஓடியது. டிரெவர் ஸ்னைத் புதுக் குப்பைத்தொட்டி ஒன்றை வாங்கி அனுப்பினார், ரிப்பன் கட்டி.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, ஏழாவது பாட்டு முடிகிற இடத்தில் ஒரு போலீஸ்காரர் அவர்கள் வண்டியை நிறுத்தியிருந்தார். யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"மிஸஸ் பாரக்ளஃப், நீங்க... கொஞ்சம் வேகமா... மன்னிச்சுக்குங்க, நீங்க போங்க."

"எதுக்குப்பா மன்னிப்பு? எவ்வளவு வேகம்?"

"அறுபத்தேழு மைலுங்க."

"அப்போ எழுது."

அவர் எழுதவில்லை. எழுத மாட்டேன் என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். எனவே வீட்டுக்கு வந்ததும் மேவிஸே எழுதினார். மதிப்பெண் தாளை எடுத்து, மேலே தன் பெயரைப் போட்டு, அன்றைய பயணத்தை மனத்தில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் குறித்தார். பெரிய தவறு பதினான்கு. தேறவில்லை.

"யாருக்கும் தெரியாது மேவிஸு" என்றார் கிளிஃபர்ட். "நானே ஒண்ணும் பாக்கல."

"எனக்குத் தெரியுமே."

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். மேலதிகாரி காரணம் கேட்டபோது அந்தத் தாளையே கையில் கொடுத்தார். வெளியே வந்து பஸ் ஏறிய பிறகு சிறிது நேரம் அழுகை வந்தது. ரொட்டிக் கடை நிறுத்தம் தாண்டியதும் நின்றுவிட்டது.

அதற்கடுத்த வாரம், வாரநாள் ஒன்றில் முதன்முதலாகக் கூடத்தைத் திறந்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து ஆறு பேர் கொண்ட குழு மாடி ஏறி வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட நெட்டையன் ஒருவன் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தான். பின்னல் சட்டையும் மடக்குக் குடையுமாக நின்ற மேவிஸிடம் தன் ஈரக் கோட்டைக் கழற்றி நீட்டினான்.

"இதைக் கொஞ்சம் மாட்டுங்கக்கா. தயாரிப்பாளர் வந்துட்டாரா? எமகாதகன்னு சொன்னாங்க."

"இப்ப வந்துடுவாங்க தம்பி" என்றார் மேவிஸ்.

கோட்டை ஆணியில் மாட்டினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். நெட்டையனின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, பாட்டு தொடங்கும் முன்பே முதல் தவறைக் குறித்தார்.