மஞ்சள் கூட்டத்தில் ஒரு சிவப்புச் சேலை

எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் காலை ரயில் ஏறும்போதே சொன்னேன், சிவப்புச் சேலை வேண்டாம் என்று. பாங்காக்கில் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். தேர்தல் வரைக்கும் காபந்து அரசு. அது உடனே இறங்க வேண்டும் என்று மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒரு தெருவில்; இறங்கக் கூடாது, தேர்தல் நடக்கட்டும் என்று சிவப்புச் சட்டைக்காரர்கள் இன்னொரு தெருவில். என் மனைவி கற்பகம் கேட்டால்தானே! மகள் ரேவதிக்கு அங்கே தலைப்பிரசவம். பேரப்பிள்ளை முகம் பார்க்கும்வரை சிவப்பைக் களைவதில்லை என்று ஓம் சக்தி மாலை போட்டிருந்தாள்.

"அம்மனோட கலரு இது. அவுங்க கட்சிக் கலருன்னா அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றாள்.

பெங்களூருக்கு நூறு கிலோமீட்டர். அங்கிருந்து நடுராத்திரி விமானம், நாலு மணி நேரம். மறுநாள் காலை ஏழு மணிக்கு பாங்காக் விமான நிலையத்தில் மாப்பிள்ளை வெளிறிய முகத்தோடு நின்றார். "மாமா, விடியகாலமே வலி எடுத்துடுச்சி. ஆஸ்பத்திரில சேத்துட்டு ஓடியாறேன். அவ தனியா கீறா."

டாக்சி முப்பது கிலோமீட்டர் ஓடி, ஒரு பெரிய சாலையில் நின்றுவிட்டது. மீட்டரில் அந்த ஊர்ப் பணம் முந்நூற்றைம்பது பாட். எதிரே சாலை முழுக்க மஞ்சள். விசில் சத்தம் காதைக் கிழித்தது. ஆஸ்பத்திரியோ கூட்டத்துக்கு அப்பால். ஓட்டுநர் கற்பகத்தின் சேலையைக் காட்டி ஏதோ சொன்னார்.

"இதோட உள்ள போவாதீங்கன்றாரு, அத்தை. மேல ஏதாச்சும் போத்திக்கோங்க," என்று மாப்பிள்ளை கெஞ்சினார்.

"மறைச்சிகினு போறதுக்கு நான் இன்னா திருடியா? எம் பொண்ணு அங்க கத்திகினு கீறா. நடங்க."

தடுப்பருகே நடுத்தர வயது மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி கை நீட்டி மறித்தாள். சுற்றியிருந்த விசில்கள் நின்றுபோயின. மாப்பிள்ளைக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச தாய்லாந்து மொழியும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. கற்பகம்தான் தன் வயிற்றின்மேல் கையை உருண்டையாகக் காட்டி, தூரத்துக் கட்டடத்தைக் காட்டினாள். "எம் பொண்ணும்மா. மொதப் பிள்ள," என்றாள், தமிழிலேயே.

அந்தப் பெண்ணின் பார்வை கற்பகத்தின் மாலையில் தொங்கிய அம்மன் படத்தில் நின்றது. சட்டென்று கைகூப்பி என்னவோ சொன்னாள். "இங்க சீலோம் தெருவுல கீற மாரியம்மன் கோயிலுக்கு இவுங்களும் போவாங்களாம்," என்றார் மாப்பிள்ளை. பிறகு அவளே கற்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒருத்தர் விடாமல் ஒதுங்கினார்கள். அவள் நல்லா இருக்கணும்!

தெருமுனையோடு அவள் நின்றுகொண்டாள். அதற்கப்பால் சிவப்புக் கூட்டம். கற்பகத்தைப் பார்த்ததும் அங்கே ஒரே ஆரவாரம்! தங்கள் ஆள் என்றே நினைத்துவிட்டார்கள். ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார், இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். என் கையிலோ பளிச்சென்று ஒரு மஞ்சப்பை.

"அந்தப் பைய இப்பிடி குடுங்க, காரியத்த கெடுக்காதீங்க," என்று பிடுங்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள் கற்பகம். கட்சி தாவுவதில் அன்று எங்களை மிஞ்ச ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். "அம்மா!" என்று ரேவதி அலறியது வராந்தா வரை கேட்டது. ஒன்பதரை மணி வாக்கில் இன்னொரு அழுகை, சின்னதாக. நான் பெஞ்சில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். மாப்பிள்ளையும்தான்.

ஒரு மாதம் இருந்தோம். காபந்து அரசும் இருந்தது, இரண்டு கூட்டமும் இருந்தன. அந்த மஞ்சள் சட்டைப் பெண்ணுக்கு நன்றி சொல்ல இரண்டு முறை போய்த் தேடினேன், அகப்படவில்லை. எங்கள் ஊரில் சுரங்கத்தை மூடியபோது நாங்களும் சாலையில்தான் உட்கார்ந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத சங்கக்காரர்கள்கூட, பிரசவத்துக்குப் போகிற வண்டி வந்தால் சேர்ந்து எழுந்து வழிவிட்டோம். அங்கேயும் நம்மைப் போலத்தான் ஜனங்கள் என்ற நிம்மதியோடு விமானம் ஏறினேன்.

கோரமண்டலில் இறங்கியதும் பக்கத்து வீட்டு மணி பெட்டியை வாங்க ஓடிவந்தார். "இன்னாக்கா, டிவியில பாத்தா ஒரே ரகளையா கீது. கடசில யாரு கெலிச்சாங்க?"

"எம் பேத்தி," என்றாள் கற்பகம்.