கடைசி யாரு?

கண்டக்டரம்மா வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. வேலைதான் அவளை விட்டபாடில்லை. மருந்துக்கடை ஆகட்டும், பேரனின் பள்ளிக்கூட வாசல் ஆகட்டும், நாலு பேர் சேர்ந்து நிற்பதைக் கண்டால் அவளுக்கு வாய் நமநமக்கும். "வழியில நிக்காதீங்க, உள்ள எவ்வளவு இடம் கிடக்கு பாருங்க!" என்று ஆரம்பித்துவிடுவாள். முன்பின் தெரியாதவர்கள்கூட மறுபேச்சு இல்லாமல் நகர்ந்துவிடுவார்கள். நகர்ந்த பிறகுதான், இந்தம்மா யார் நம்மை நகரச் சொல்ல என்று யோசிப்பார்கள்.

அவளுடைய புருஷன் அதே பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். அவள் விசில் கொடுப்பாள், அவர் வண்டியை எடுப்பார். இன்னொரு விசில் கொடுப்பாள், நிறுத்துவார். ஒரு வார்த்தை பேசாமல் இப்படியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, சரி, வீட்டிலும் இதே ஏற்பாடு நடக்கட்டும் என்று கல்யாணம் செய்துகொண்டார்கள். இன்றைக்கும் அவர் அவளைக் கூப்பிடுவது 'கண்டக்டர்' என்றுதான்.

பஸ் அவளுக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. கீழே நிற்கிற ஆள் கெஞ்சுவான்: "அக்கா, ஒரு கால் வைக்க இடம் குடுங்க, போதும்." பாவம் என்று ஏற்றிக்கொண்டால், அடுத்த ஸ்டாப்பில் கீழே நிற்பவர்களைப் பார்த்து முதலில் கத்துவது அவன்தான்: "இடமே இல்ல, எங்களுக்கே மூச்சு முட்டுது, பின்னாடி வண்டி காலியா வருது!" ஒரே ஒரு ஸ்டாப் தூரத்தில் அவன் 'எங்களுக்கு' ஆகிவிடுவான். இறங்கியதும் அந்த 'எங்களுக்கு' காற்றோடு போய்விடும். மறுநாள் அவனே கீழே நின்று மறுபடி கெஞ்சுவான். கூட்டத்துக்கு வாய் உண்டு, ஞாபகம் கிடையாது என்பது கண்டக்டரம்மாவின் கட்சி. இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வாள்.

இப்போது அவளுக்கு இருந்த ஒரே கவலை டிரைவரின் கண். ஒரு கண் நரம்பு செத்து முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை விழுந்து, பால்கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஆகிவிட்டது. ஒருநாள் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்து, "வாங்க, எப்ப வந்தீங்க? உக்காருங்க" என்றார். வீடே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். கண்டக்டரம்மா மட்டும் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

இருப்பது ஒரே கண் என்பதால் அதில் கத்தி வைக்க மற்ற டாக்டர்கள் தயங்கினார்கள். பெரிய டாக்டர் ஒருவர் மட்டும் செய்யலாம் என்றார். அவர் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வரும்போது ஆபரேஷனுக்குச் சிலரை மட்டுமே எடுத்துக்கொள்வார். ரொம்பத் தள்ளிப்போனால் புரை முற்றிவிடும், பிறகு கஷ்டம் என்றும் எச்சரித்திருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் கிடையாது. பெயர் எழுதிவைப்பதும் கிடையாது. வருகிறவர் வாசலில் நின்று, "கடைசி யாரு?" என்று கேட்பார். "நான்தான்" என்று ஒருவர் கையைத் தூக்குவார். அவ்வளவுதான். இவர் அவருக்குப் பின்னால். இன்னொருவர் வந்து கேட்கும்வரை இனி இவர்தான் கடைசி. அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம், வெளியே போய் டீ குடித்துவிட்டும் வரலாம். தனக்கு முன்னால் யார் என்பது தெரிந்தால் போதும். முழு வரிசையும் எந்த ஒருவர் தலையிலும் இல்லை, ஆனால் வரிசை இருந்தது. உள்ளே அனுப்புகிற பணியாளரை எல்லோரும் 'கதவு' என்றே கூப்பிட்டார்கள். அவர் "அடுத்தது!" என்று குரல் கொடுப்பதோடு சரி. கண்டக்டர் இல்லாமலே ஓடுகிற வண்டி. கண்டக்டரம்மாவுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பெரிய டாக்டர் வந்த அன்று காலையிலேயே இருவரும் போய்விட்டார்கள். கூடத்தில் எள் விழ இடமில்லை. டிரைவரை வராந்தாவில் காற்றாட உட்கார வைத்துவிட்டு, அவள் உள்ளே போய்க் கடைசி யார் என்று கேட்டாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "நான்தான்கா" என்றாள். குழந்தை ஒரு கைத்தடியின் ரப்பர் முனையை ஆசையாகக் கடித்துக்கொண்டிருந்தது. "அதை வாயில வைக்காத கண்ணு" என்று சொல்லிவிட்டு, கண்டக்டரம்மா ஃபேனுக்கு அடியில் ஒரு இடம் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வாத்தியார் வந்து அவளுக்குப் பின்னால் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் மளிகைக்கடைக்காரர், பிறகு அக்கா தங்கை இருவர் என்று ஃபேன் பக்கம் நிறைந்துகொண்டே வந்தது.

மதியம் கைக்குழந்தைக்காரி உள்ளே போனாள். "அடுத்தது யாரு, தயாரா இருங்க" என்றார் கதவு. கண்டக்டரம்மா எழுந்தாள். அதே நேரம் வராந்தாவிலிருந்து ஒரு வெல்டர், தன் மாமியாரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்து நின்றார்.

"நாங்கதான் அடுத்தது. குழந்தை வச்சிருந்தவங்களுக்குப் பின்னாடி" என்றார் வெல்டர்.

"அதெப்படி? அவளுக்குப் பின்னாடி நான்."

ஒரே ஆளிடம் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் அவள் 'நான்தான்' என்று சொல்லியிருக்கிறாள். குழந்தை படுத்திய பாட்டில் முதலில் கேட்டவரை மறந்துவிட்டாள். காலையிலிருந்து வரிசைக்கு இரண்டு வால் முளைத்து, ஒன்று ஃபேனுக்கு அடியிலும் ஒன்று வராந்தாவிலும் வளர்ந்திருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

"சட்டுனு முடிவு பண்ணுங்க," என்றார் கதவு. "ஆபரேஷனுக்கு இந்தத் தடவை இன்னும் ஒரே ஒருத்தரைத்தான் எடுப்பாராம். மத்தவங்களுக்குச் சொட்டு மருந்தும் கண்ணாடியும்தான்."

பார்க்கப்போனால் சண்டை கண்டக்டரம்மாவுக்கும் வெல்டருக்கும்தான். மற்றவர்கள் வந்ததே சொட்டு மருந்துக்கும் கண்ணாடிக்கும். யார் முதலில் போனால் அவர்களுக்கு என்ன, கொஞ்ச நேரம் கூடக்குறைய ஆகும். ஆனால் அதிகம் குதித்தது அவர்கள்தான்.

"வராந்தாக்காரங்க எப்பவுமே இப்படித்தான்!" என்றார் வாத்தியார். வராந்தாக்காரர்கள் என்று ஒரு இனம் உலகத்தில் தோன்றியதே அன்று காலையில்தான். இவர் 'எப்பவுமே' என்கிறார்.

"ஃபேன் காத்து வாங்கினா பெரிய ஆளாயிடுவாங்களா?" என்று வராந்தாவிலிருந்து பதில் வந்தது.

"எங்க அம்மாவை விட்டுட்டு இங்க ஒருத்தர் உள்ள போயிட முடியுமா?" என்று மளிகைக்கடைக்காரர் மார்தட்டினார். கண்டக்டரம்மாவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

வேறொரு நாளாக இருந்தால் இதையெல்லாம் பார்த்து அவள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. அவள் பின்னால் அத்தனை பேர் நின்றார்கள், உடம்பெல்லாம் தெம்பாக இருந்தது. கூடத்தின் நடுவில் வந்து நின்று, பழைய குரலை எடுத்துவிட்டாள். "காலைலேர்ந்து இதே இடத்துல உக்காந்திருக்கோம். நாங்க என்ன வேலை வெட்டி இல்லாதவங்களா?" என்றாள். அந்த 'நாங்க' எப்போது வாயில் வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியாது. வராந்தாக்காரர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். வெல்டர் மாமியாரைச் சுவரோரம் நகர்த்தி நிறுத்தினார்.

அப்போது வராந்தா பக்கமிருந்து ஒரு குரல், மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே எழும்பியது. "வரிசைன்னா வரிசைதான்! யாரா இருந்தாலும் பின்னாடி போங்க!"

எஞ்சின் சத்தத்தைத் தாண்டி ஆயுசு பூராவும் அவள் கேட்ட குரல். எட்டிப் பார்த்தாள். வராந்தாக்காரர்களுக்கு நடுவில், கையை உயர்த்திக்கொண்டு, டிரைவர்!

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறாளோ அந்த மனுஷனே எதிர்க்கட்சியில் நின்று கோஷம் போடுகிறார். நாலு வார்த்தை கேட்பதற்குள் கைக்குழந்தைக்காரி வெளியே வந்தாள். உங்களுக்குப் பின்னாடி யார் என்று கதவு கேட்டதற்கு, "ரெண்டு பேரும் கேட்டாங்க, யார் முதல்லன்னு சத்தியமா ஞாபகம் இல்ல" என்று கையை விரித்தாள். குழந்தையின் பிடியிலிருந்து வெல்டர் கைத்தடியை வாங்கப் போனார். அது விடாமல் வீறிட்டது.

"மாமியாரோட தடிங்க," என்று வெல்டர் அசடு வழியச் சிரித்தார். "காலைல கடைசி யாருன்னு கேக்கிறப்போ பாப்பா ஒரே அழுகை. விளையாடட்டும்னு குடுத்தேன்."

கண்டக்டரம்மா அந்தத் தடியையே பார்த்தாள். அவள் கேட்க வந்தபோதே அந்தத் தடி குழந்தையின் வாயில் இருந்தது. அப்படியானால் வெல்டர் அவளுக்கு முன்பே வந்துவிட்டார். இது வேறு யாருக்கும் தெரியாது. வெல்டருக்கே உறைக்கவில்லை. கதவு அவளைப் பார்த்து, "சரிம்மா, உங்க ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியும்விட்டார்.

கொடியில் தொங்கிய சட்டை ஞாபகம் வந்தது. இன்னும் நாலைந்து மாதம். முற்றிவிட்டால் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு போய்விடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள் என்று சொல்லிச் சொல்லியே பிழைத்தவள் அவள். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வரவில்லை.

"அவங்கதான் முதல்ல வந்தாங்க," என்றாள். "நான் கேக்கும்போதே தடி குழந்தை கையில இருந்துச்சு. பெரியம்மாவை உள்ள கூட்டிட்டுப் போங்க தம்பி."

ஃபேன் பக்கம் கொதித்தது. "எங்களை நட்டாத்துல விட்டுட்டீங்களே!" என்றார் வாத்தியார். மார்தட்டிய மளிகைக்கடைக்காரர், "அந்தம்மா நம்ம ஆளே இல்லைங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவள் காதில் நன்றாக விழுந்தது, வலித்தது. வலியை வைத்துக்கொண்டு உட்கார அவளுக்கு நேரமில்லை. "கத்தாதீங்க. இனிமே அங்கேருந்து ஒருத்தர், இங்கேருந்து ஒருத்தர். அந்த அண்ணன் இங்க வந்து உக்காருங்க. வாத்தியார் சார், நீங்க அந்தப் பக்கம். பை எதுக்கு சார் சீட்டுல, மடியில வைங்க!" என்று இரண்டு வாலையும் ஒன்றாகப் பின்னினாள். முணுமுணுத்துக்கொண்டே மாறி உட்கார்ந்தார்கள். டீ வந்து போவதற்குள் வாத்தியாரும் ஒரு வராந்தாக்காரரும் கண்ணாடி ஃபிரேம் பற்றித் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் டிரைவர் பக்கத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என் குரல்னு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? வேற யாரு அப்படிக் கத்துவா?"

"அப்புறம் ஏன் எனக்கு எதிரா கத்துனீங்க?"

"காலைலேர்ந்து இவங்களோடதானே உக்காந்திருக்கேன் கண்டக்டர். எல்லாரும் கத்துனாங்க, நானும் கத்துனேன்."

"உங்க கண்ணுக்காகத்தாங்க சண்டையே!"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அந்த நேரத்துல அது ஞாபகம் வரல" என்றார்.

அவளுக்குத் திட்ட வாய் வந்தது. தானும் அதே கூத்தைத்தானே அந்தப் பக்கம் நின்று ஆடினோம் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அவர் தடவிப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கங்க! பெரிய டாக்டர் அடுத்த தடவை வரும்போது இந்த டிரைவர்தான் முதல் ஆளு. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி டிரைவர், நீங்கதான் முதல்!" என்று கூடம் சிரித்தது. இரண்டு பக்கமும் சேர்ந்துதான். கண்டக்டரம்மாவும் சிரித்துவைத்தாள். இறங்கிப் போகிற பயணிகள் 'பாப்போம்கா' என்று சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

அந்த நாலைந்து மாதத்தில் டிரைவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சின. பெரிய டாக்டர் வரும் நாளன்று விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். என்ன கிளம்பி என்ன, பஸ் வழியில் நின்றுவிட்டது. டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரிக் கூடம், வராந்தா, படிக்கட்டு எல்லாம் தலைகளாக இருந்தன.

கண்டக்டரம்மா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். வாத்தியார் இல்லை, மளிகைக்கடைக்காரர் இல்லை, வெல்டர் இல்லை. அவர்களுக்கெல்லாம் மருந்தும் கண்ணாடியும் எப்போதோ கிடைத்திருக்கும். கதவுகூட லீவாம், வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, படியில உக்காராதீங்க" என்று ஏறி, வாசலில் நின்று கேட்டாள்: "கடைசி யாரு?"

படிக்கட்டில் இருந்த ஒரு பெயிண்டர், சட்டையெல்லாம் சுண்ணாம்பு, அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நான்தான்" என்று கையைத் தூக்கியவர், தூக்கிய கையை இறக்கினார்.

"நீங்க கண்டக்டரம்மாவா?"

"ஆமா."

"அப்போ இவருதான் டிரைவரா? நீங்க எதுக்குங்க கடைசியைக் கேக்கறீங்க? முதல் இடம் உங்களுது. இன்னும் யாரும் உள்ள போகல, உங்களுக்காகத்தான் நிக்குது."

"தம்பி, நீங்க அன்னைக்கு இங்க இருந்தீங்களா?"

"என்னைக்கு? நான் இங்க வர்றதே இன்னைக்குத்தான்."

"அப்புறம் யாரு சொன்னா?"

"எனக்கு முன்னாடி வந்தவரு."

அவருக்கு முன்னாடி வந்தவர் தூணோரம் இருந்தார், அவரும் புது முகம். "எனக்கு இந்தக்கா சொன்னாங்க" என்று ஒரு பெண்ணைக் காட்டினார். "நான் போன வாரம் சொட்டு மருந்துக்கு வந்தப்போ ஒருத்தர் சொல்லிட்டுப் போனாருங்க," என்றாள் அவள். "பெரிய டாக்டர் வர்றன்னைக்கு முதல்ல டிரைவர், வழி விடச் சொல்லிக் கத்திக்கிட்டே கண்டக்டரம்மா கூட்டிட்டு வருவாங்க, மறக்காம அடுத்தவங்ககிட்ட சொல்லிடுங்கன்னு. யாரு டிரைவர்னு அவருக்கும் தெரியாதாம்."

கண்டக்டரம்மா ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் தானாக ஒதுங்கி, படியிலிருந்து டாக்டர் அறை வரைக்கும் வழி விட்டது. டிரைவருக்கு அது தெரியவில்லை. அவள் ஏன் அசையாமல் நிற்கிறாள் என்றும் தெரியவில்லை.

"என்ன கண்டக்டர், போலாமா?" என்று கேட்டார்.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கூடம்தான் சொன்னது.

"போலாம் டிரைவர், போலாம்."