மூன்று விரல் அக்கா

எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் யாராவது தும்மினால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். பகலில் எந்தக் கதவும் மூடியிருக்காது. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது என்று மாலையில் அம்மாக்கள் விசாரித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். இரண்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது வீட்டில் பசிக்கிறது என்று சொன்னவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு ‘மூணாம் பந்தி’ என்றே பெயர் வந்துவிட்டது.

ஏழாவது வீட்டில் தையல் அக்கா இருந்தார். எங்கள் வீடு எட்டாவது. அவருடைய மெஷின் முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அது ஓட ஆரம்பிக்கும். வெளிச்சம் குறைந்ததும் நின்றுவிடும். விளக்குப் போட்டுக்கொண்டு தைக்கமாட்டார். நீலத் துணியில் நீல நூல் போகும் இடம் விளக்கில் தெரியாது என்பார். எவ்வளவு அவசரமென்றாலும் அந்த விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை.

அவருக்கு யாரும் தையல் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் கணவர் பஸ் கண்டக்டர். கல்யாணமான புதிதில் அவருடைய காக்கிச் சட்டை ஒன்று முதுகில் கிழிந்துபோனது. அக்கா அதைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைச் செய்தித்தாளில் வைத்து வரைந்து, புதுத்துணியில் வெட்டி, அதே வரிசையில் திரும்பச் சேர்த்தார். முதல் சட்டையில் பாக்கெட் வலது பக்கம் வந்துவிட்டது. கண்டக்டர் அதை ஒரு வருஷம் போட்டுக்கொண்டு போனார். “நல்லதுதான். பிக்பாக்கெட்காரன் இடது பக்கமா வந்து ஏமாந்து போவான்” என்பார். அதற்குப் பிறகு அக்கா கையில் பிரிபடாத துணி தெருவில் இல்லை. எங்கே ஒரு நல்ல காலரைப் பார்த்தாலும் அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவார். போட்டிருக்கிறவர் கழுத்து அதற்குள் இருக்கிறதே என்றெல்லாம் யோசிக்கமாட்டார்.

எங்கள் தெருப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பெல்லாம் அவர் தைத்ததுதான். அம்மாக்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசாவே தைச்சிடு.” அக்கா முழங்காலில் டேப்பை வைத்து அளவைச் சொல்வார், நோட்டில் எழுதுவார். பிறகு வெட்டும்போது அந்த அளவுக்குக் கீழே மூன்று விரலை வைத்து அங்கே கோடு போடுவார். தோளுக்கு ஒரு விரல். இதை அவர் எழுதிவைத்ததே இல்லை. சமைக்கிறவள் எத்தனை கல் உப்பு என்றா எழுதிவைக்கிறாள்? அந்த மூன்று விரலால் ஓர் உடுப்பு இரண்டு வருஷம் வரும். முதல் வருஷம் அதற்குள் நாங்கள் தேடினால் கிடைப்போம். இரண்டாம் வருஷம் அளவாக இருக்கும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மூணு விரல் அக்கா. அவர் காதுபடவே கூப்பிடுவோம், திரும்பிப் பார்ப்பார்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் அந்த வீட்டில் தைக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். கண்டக்டரின் தங்கை அவர்களோடு வந்து இருந்தாள். இருபது வயது. நாங்கள் சின்னக்கா என்போம். அவளுக்குத் தைக்கப் பிடிக்காது, வெட்டுவதில் ராணி. எட்டுத் துணியை அடுக்கி ஒரே வீச்சில் வெட்டுவாள். ஒரு நூல் பிசகாது. அண்ணியும் நாத்தனாரும் நாள் முழுக்க வாயாடிக்கொண்டே வேலை செய்வார்கள்.

“அண்ணி, இந்தத் தையலைப் பாத்தா பஸ் மேடு பள்ளத்துல போன மாதிரி இருக்கு.”

“உங்க அண்ணன் ஓட்டின பஸ்ஸா இருக்கும்.”

“அவர் ஓட்டலை, விசில்தான் ஊதுறார்.”

“அதான் இப்படி இருக்கு.”

ஆனால் பதினெட்டு வீட்டு வேலை இரண்டு பேருக்குப் போதாது. சின்னக்காவுக்கு ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் இருந்த ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேரவேண்டும். அங்கேயே விடுதியில் தங்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை லீவு. அவளுக்குப் போக மனமில்லை. அண்ணிக்கு அனுப்ப மனமில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் பாபினுக்கும் பட்டனுக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, பெரிய டீச்சர், அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அதுவரை எங்கள் தெருவைத் தவிர மற்றப் பிள்ளைகளின் உடுப்பெல்லாம் பஜாரில் ஒரு பெரிய கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. “ஐந்தாம் வகுப்பு மட்டும் தர்றேன். முப்பத்து நாலு பிள்ளைங்க. துணி ஜவுளிக்கடையிலிருந்து வந்துடும். திங்கட்கிழமை பிரேயருக்கு எல்லாரும் புதுசு போட்டிருக்கணும். சரியா வந்தா பள்ளிக்கூடம் முழுக்க உங்களுக்குத்தான்” என்றார். பள்ளிக்கூடம் முழுக்க என்றால் முந்நூறு பிள்ளைகள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். சின்னக்கா எங்கும் போகவேண்டியதில்லை.

அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்து அளவெடுத்தார். ஒவ்வொருவராக நிற்கவைத்து அவர் சொல்லச் சொல்ல எங்கள் வகுப்பு டீச்சர் நோட்டில் எழுதினார். நோட்டு சின்னக்காவிடம் போனது. அவள் வெட்டினாள். தெருப் பிள்ளைகளுக்குத் தைப்பதுபோல் ஒன்றொன்றாகத் தைத்தால் முடியாது என்று அக்கா முதலில் எல்லாக் காலரையும், பிறகு எல்லாக் கையையும், பிறகு எல்லாப் பக்கத்தையும் அடித்தார். முழு உடுப்பாக எதையும் கடைசி நாள் வரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

நடுவில் ஒருநாள் துணி பத்தவில்லை. அக்கா ஜவுளிக்கடைக்காரரிடம் போய், “அளந்துதான் குடுத்தீங்களா, அண்ணாந்து பாத்துட்டுக் குடுத்தீங்களா?” என்று கேட்டுவிட்டு மேலும் நாலு கெஜம் வாங்கிவந்தார். இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. மத்தியானம் என்னைக் கூப்பிட்டு முதல் உடுப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். போட்டேன். பாவாடை முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்காலில் பாதி வரை வந்தது. சட்டையின் தோள் என் தோளிலிருந்து இறங்கிக் கொண்டிருந்தது.

சின்னக்கா சிரித்தாள். “என்ன அண்ணி, இவங்க அம்மாவுக்கு அளவெடுத்துட்டீங்களா?”

அக்கா சிரிக்கவில்லை. மண்டிபோட்டு என் முழங்காலில் டேப்பை வைத்தார். பதினெட்டு. நோட்டைப் பார்த்தார். இருபது. பாவாடையை அளந்தார். இருபத்திரண்டு.

“நோட்டுல இருபதுன்னுதானே இருக்கு?”

“ஆமா. அதோட மூணு விரல் சேர்த்து வெட்டினேன். எப்பவும் போல.”

“நான் சேர்த்துத்தான் சொன்னேன்.”

“அளவெடுக்கும்போது நீங்க எப்ப சேர்த்திருக்கீங்க?”

“எழுதினது வேற கை. டீச்சருக்கு இதெல்லாம் எங்க தெரியும்னு நானே கூட்டிச் சொல்லிட்டேன்.”

“என்கிட்ட சொல்லலையே.”

“நீயும் கேக்கலையே.”

அக்கா அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார். முப்பத்து நாலும் அப்படித்தான். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

என் அம்மா எட்டிப்பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “பெருசா இருந்தா என்ன? எந்த அம்மா வேண்டாம்னு சொல்லப் போறா? அப்படியே குடுத்துடு” என்றார்.

“மூணு விரல்னா வளர்ற பிள்ளைக்கு. ஆறு விரல்னா அது வேற பிள்ளைக்கு” என்றார் அக்கா.

சின்னக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “விடுங்க அண்ணி. நான் போகணும்னுதான் இருக்குபோல.”

“போறதுன்னா திங்கட்கிழமைக்கு அப்புறம் போ. இப்ப கத்தரியை எடு.”

அக்கா முதலில் மெஷினில் உட்காரவில்லை. நேராக ஜவுளிக்கடைக்குப் போனார். “நீங்க சரியாத்தான் அளந்தீங்க. தப்பு எங்க பக்கம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். சின்னக்காவுக்கு ஆத்திரம். இருக்கிற நேரத்தில் இதற்கு ஒரு நடையா என்று கேட்டாள். “அது மனசுல கிடந்தா தையல் கோணும்” என்றார் அக்கா.

வேலை இரண்டு வகை. பாவாடையும் டவுசரும் சுலபம்: அதிகமான மூன்று விரலை உள்பக்கமாக மடித்து நீளத் தையலாக அடித்துவிடலாம். சட்டைதான் தலைவலி. தோளை மடிக்க முடியாது. கையைப் பிரித்து, தோளை ஒரு விரல் வெட்டி, திரும்பக் கையைப் பூட்டவேண்டும். முப்பத்து நாலு சட்டை, அறுபத்தெட்டுக் கை. இருந்தது ஒன்றரை நாள் பகல்.

நான் அந்தப் பாவாடையோடே வெளியே ஓடியதில் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அரை மணி நேரத்தில் பெண்கள் வாசற்படிகளில் உட்கார்ந்து சட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவரிடம் பிளேடு, ஒருவரிடம் ஊக்கு, ஒருவரிடம் நகம் வெட்டி. அக்கா ஒவ்வொரு படியாகப் போய், “நூலை அறுங்க, துணியை அறுக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேப்பர்காரர் வீட்டில் சும்மா கிடந்த கை மெஷின் வந்தது. இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டு தெரு நடுவில் மேசையைப் போட்டு மடிப்புகளைத் தேய்த்தார். ஒரு வீட்டு ரேடியோவை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தார்கள். எங்களுக்கு நூல் பொறுக்கும் வேலை. பிரித்த நூலை வாயில் போட்டு மெல்லக்கூடாது என்பது ஒன்றே சட்டம். மூணாம் பந்தி அதையும் மீறினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டூட்டி முடிந்து வந்த கண்டக்டர் உடுப்பைக்கூட மாற்றாமல் கை மெஷினின் பிடியைச் சுற்ற உட்கார்ந்தார். சின்னக்கா துணியைப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவா அண்ணே. முன்னாடி கூட்டமில்ல.”

“நீ ‘போலாம்’னு சொல்லு, சுத்துறேன். ‘நிறுத்து’ன்னா நிறுத்துறேன். இருபது வருஷமா நான் இதைத்தானே மத்தவனுக்குச் சொல்லிட்டிருக்கேன்.”

மத்தியானத்துக்குள் பதினேழு முடிந்தன. நாலு மணிக்கு இருபத்து நாலு. வெயில் எதிர்வீட்டு மாடியில் ஏறிவிட்டபோது இருபத்தொன்பது. அக்கா காலை மெஷினிலிருந்து எடுத்தார்.

“இன்னும் அஞ்சுதானே, விளக்கைப் போடு” என்றார் அம்மா.

“விளக்குல தைச்சதைக் காலையில பாத்தா நானே பிரிப்பேன்.”

“பெரிய டீச்சர் கேட்டா?”

“கேக்கட்டும். சொல்றேன்.”

மிச்சமிருந்த ஐந்தும் எங்கள் தெருப் பிள்ளைகளுடையவை. அக்கா வேண்டுமென்றுதான் அவற்றை அடுக்கின் அடியில் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மா ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என் பழைய பாவாடையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனார். மற்ற நாலு அம்மாக்களும் அதையே செய்தார்கள்.

திங்கட்கிழமை பிரேயரில் இருபத்தொன்பது பேர் புது நீலத்தில் நின்றார்கள். நாங்கள் ஐந்து பேர் வரிசையின் கடைசியில் வெளுத்த நீலத்தில் நின்றோம். அக்கா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். பெரிய டீச்சர் வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தார். ஒரு பையனின் டவுசர் ஓரத்தைப் புரட்டினார். உள்ளே மடிப்பு. இன்னொருவனுடையதைப் புரட்டினார். அங்கேயும். பிறகு எங்களைக் காட்டினார்.

“இவங்களுக்கு எங்கே?”

“வீட்டில இருக்குங்க. முடியலை. நாளைக்குச் சாயங்காலம் வந்துடும்.”

“இந்த மடிப்பு எதுக்கு?”

ஒரு மடிப்பு இருந்தால் பிரித்துப் பிரித்து மூன்று வருஷம் போடலாம், அதற்காகவே வைத்தோம் என்று அக்கா சொல்லியிருக்கலாம். கேட்டவர் நம்பியிருப்பார். சின்னக்கா காலையிலேயே அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

“தப்பு நடந்துடுச்சுங்க. வளர்த்திக்கு விடுறதை நான் ஒரு தடவை கூட்டினேன், என் நாத்தனார் ஒரு தடவை கூட்டினா. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை. சனிக்கிழமைதான் தெரிஞ்சுது. எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பத் தைச்சோம். அஞ்சு மிச்சம்.”

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பஜார் கடையில போன வருஷம் நாற்பது உடுப்பு வரலை. கேட்டா லாரி வரலைன்னார்.”

“எங்களுக்கு லாரி இல்லைங்க.”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. “பள்ளிக்கூடம் முழுக்கன்னா உங்க ரெண்டு பேரால முடியுமா?”

“முடியும். ஆனா அளவை நாங்களே எடுத்து நாங்களே எழுதிக்குவோம். டீச்சருங்க எழுத வேண்டாம்.”

வேலை கேட்டு வந்த இடத்தில் இப்படி நிபந்தனை போடுகிறாரே என்று எங்கள் வகுப்பு டீச்சர் புருவத்தைத் தூக்கினார். பெரிய டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“சரி. அடுத்த வாரம் மூணாம் வகுப்புல ஆரம்பிங்க. அந்த அஞ்சு உடுப்பும் நாளைக்கு வந்துடணும்.”

“வரும்.”

சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் சட்டைக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னக்கா தரையில் குப்புறப் படுத்து ஒரு தபால் கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைக்கு. இரண்டே வரி. வர இயலவில்லை, வேலை இருக்கிறது. அதை என்னிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொன்னாள். நான் போட்டுவிட்டு வந்தபோது அடுத்த சண்டை தொடங்கியிருந்தது.

“மூணாம் வகுப்புப் பசங்க ஒரு நிமிஷம் நிக்க மாட்டாங்க அண்ணி. நான் டேப்பைப் பிடிக்கிறேன். நீங்க அவங்களைப் பிடிங்க.”

“எனக்குப் பிள்ளைங்களை அதட்ட வராது.”

“என்னை அதட்டுறீங்களே, அதுல பாதி போதும்.”

அக்கா மெஷினை மிதித்தார். “பாதி எல்லாம் எனக்கு வராது. முழுசாத்தான் வரும்.”