ஓடும்போதே பார்க்க வேண்டிய எண்ணெய்

சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் என்று நினைக்கிறேன். தூத்துக்குடியில் ஒரு கருவாட்டு ஏற்றுமதி வியாபாரியிடம் கார் டிரைவராக இருந்தேன். அதற்கு முன் பத்து வருஷம் லாரி, பஸ் என்று ஓட்டியவன். முதலாளி கொழும்பிலிருந்து கப்பலில் ஓர் அமெரிக்கக் காரை வரவழைத்தார். கிளட்ச் கிடையாது; கியர் தானாகவே மாறிக்கொள்ளும்.

வண்டியோடு வந்த மெக்கானிக் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். முன் சீட்டின் காலடி விரிப்பைத் தூக்கி ஒரு மூடியைக் காட்டினார். அதற்குள்தான் கியர் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பி.

"எஞ்சின் சூடேறி ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் இதைப் பாக்கணும் அண்ணாச்சி. அணைச்சிட்டுப் பாத்தா எண்ணெய் பூரா கீழ வடிஞ்சு நிக்கும். அளவு கூடுதலாக் காட்டும்" என்றார்.

தலையாட்டினேன். ஆனால் இவர் யார் எனக்குச் சொல்ல என்று மனசுக்குள் ஒரு முறுக்கு. தினமும் காலையில் வண்டியைக் கிளப்பும் முன்பே கம்பியை உருவிப் பார்ப்பேன். எண்ணெய் கோட்டுக்கு மேலேயே நிற்கும். திருப்தியாக மூடிவிடுவேன்.

ஒருநாள் முற்பகலில் முதலாளியோடு புன்னைக்காயல் போயிருந்தபோது, சங்கு குளிக்கப் போன ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருக்கை மீனின் வால்முள் தொடையைக் கிழித்திருந்தது. இரத்தம் நிற்கவில்லை.

"ஏலே, நீ உடனே தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நான் பொறவு வாரேன்" என்றார் முதலாளி.

பின் சீட்டில் காயம்பட்டவரைக் கிடத்தினோம். அவர் மனைவி பக்கத்தில் மண்டியிட்டு, மடித்த வேட்டியைக் காயத்தின் மேல் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார்.

பழையகாயல் தாண்டியதும் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இரைச்சல்தான் கூடியது. கண்ணுக்கெட்டிய தூரம் வேறு வண்டி இல்லை.

"என்ன அண்ணாச்சி, நின்னுட்டு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வண்டிக் கோளாறும்மா" என்றேன். சொல்லும்போதே அந்த மெக்கானிக்கின் பேச்சு சுரீரென்று உறைத்தது. நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டே கம்பியை உருவினேன். துடைத்து மறுபடி இறக்கிப் பார்த்தேன். நுனியில்கூட எண்ணெய் இல்லை. எங்கோ கசிந்து கசிந்து தீர்ந்திருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது பார்த்த எனக்கு அது தெரியவே இல்லை.

டிக்கியில் இரண்டு டின் கியர் எண்ணெய் இருந்தது. ஆனால் துவாரம் விரல் அகலம்தான், புனல் இல்லை. எப்படி ஊற்றுவது என்று தவித்தேன்.

"பதனி குடிக்கப் பனையோலையில பட்டை மடிப்பாவல்லா, அதுமாதிரி மடிச்சா என்ன? அந்தப் பனை வடலியில ஒரு ஓலை வெட்டிட்டு வாங்க" என்றார் அந்த அம்மா.

வெட்டி வந்தேன். எனக்கு மடிக்க வரவில்லை.

"இங்கன வந்து அமுக்குங்க. நான் மடிக்கேன். கையை மட்டும் எடுத்துராதீங்க."

அமுக்கினேன். துணி வழியாக இரத்தம் வெதுவெதுப்பாக என் உள்ளங்கையில் துடித்தது. அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தார். இவர் செத்தால் அது என்னால்தான் என்று அந்தத் துடிப்பு ஒவ்வொரு முறையும் சொல்வது போல இருந்தது. இவரைக் கொண்டு சேர்க்காமல் ஓயமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா ஓலையை நுனியில் துவாரம் விட்டுக் கூம்பாக மடித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி காயத்தை அமுக்கிக்கொண்டார். கொஞ்சம் ஊற்றுவது, கம்பியை விட்டுப் பார்ப்பது, மறுபடி ஊற்றுவது. இரண்டாவது டின்னில் பாதியோடு அளவு கோட்டைத் தொட்டது. கியரைப் போட்டேன். ஒரு உதறு உதறிவிட்டு வண்டி கிளம்பியது.

வழியில் முத்தையாபுரத்தில் நிறுத்தினேன். "நிறுத்தாதீங்க!" என்று அந்த அம்மா அலறினார். "பாக்காமப் போனா மறுபடியும் நடுவழியில நின்னுரும்மா" என்று சொல்லி, எஞ்சினை அணைக்காமலே அளவைப் பார்த்து மிச்சத்தையும் ஊற்றிவிட்டுத்தான் எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னதும் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"கும்பிடாதீங்கம்மா. வண்டிக் கோளாறுன்னு சொன்னேன்லா, அது பொய். எண்ணெய் எப்படிப் பாக்கணும்னு மெக்கானிக் சொல்லியும் நான் கேக்கல, அதான் வண்டி நின்னுது. என் தப்பு."

கும்பிட்ட கையை இறக்கினார். "அங்கன வச்சு இதைச் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேனோ" என்றார். பிறகு, "முதலாளிகிட்டச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"சொல்லுங்க. நாளைக்கு வேற ஆளு ஓட்ட வந்தா அவருக்கும் தெரியணும்லா."

அன்று மாலையே சொன்னேன். முதலாளி திட்டித் தீர்த்தார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. வண்டிக்கு அடியில் தேய்ந்துபோன ஒரு வளையத்தை மாற்றியதும் கசிவு நின்றது.

அதன்பிறகு எத்தனையோ வண்டிகள் என் கைக்கு வந்தன. சொல்லித் தருகிறவர் எவ்வளவு சின்னவராக இருந்தாலும், புரியும்வரை திரும்பத் திரும்பக் கேட்க நான் வெட்கப்பட்டதே இல்லை.